நெறி

காலில் முள் ஏறினால் கவட்டில் நெறி கட்டும்,
கையில் ஏறினால் கமக்கட்டில்.
ஒலுமடுவில் இதைச் சொல்ல டொக்டர் தேவையில்லை.
எனக்கு எங்கேயும் முள் ஏறவில்லை.

மாசியில், கவச அங்கியின் வாரை இறுக்கும்போது
இடது கமக்கட்டில் ஒரு நெல்லிக்கொட்டை.
நோகவில்லை.
அடுத்த ஒழுங்கையில் முழந்தாளிட்டு மண் சுரண்டிய வசந்தமலர்
சிவப்புக் குச்சிகளுக்கு மேலால் கேட்டாள்:
"தென்னையில தேள் கொட்டினாப் பனையில நெறி கட்டுமாம்.
உனக்கு எந்தத் தென்னையடி?"
சிரித்தேன்.
முகக்கண்ணாடிக்குள் என் சிரிப்பு ஆவியாய்ப் படிந்து
கொஞ்ச நேரம் மண் தெரியவில்லை.

தென்னை என் மார்பில் நின்றது.

தெல்லிப்பழைக்கு இரண்டு பஸ்.
படம் பிடித்த பிள்ளை கதவைத் திறந்து,
"அக்கா, உள்ளுக்க இரும்பு ஏதும் கிடக்கோ?"
கிடக்கு. இரண்டாயிரத்து ஒன்பது, சித்திரை.
அரிசிமணி அளவு.
அப்போது எடுக்க ஆளில்லை, பிறகு நேரமில்லை.
படத்தில் அது வெள்ளையாய், கூராய், தன் பாட்டில் கிடந்தது.
தள்ளி, கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தில்
இன்னொன்று.
கூரில்லை. ஓரமெல்லாம் நண்டுக்கால்.

"செல் துண்டால வந்ததோ?"
"இல்லை, இதுக்கும் அதுக்கும் தொடர்பில்லை."
சண்டைக்குச் சேராத ஒரு நோய்.
எனக்கே எனக்கென்று.
சொல்ல வெட்கம்:
கொஞ்சம் ஆறுதலாய் இருந்தது.

டொக்டர் என் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் கீறினார்.
ஒரு வட்டம். அதிலிருந்து மயிர் மயிராய்க் கோடுகள்.
இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கு,
இந்த நீருக்கு ஒருத்தரும் இல்லை;
நீங்கள் கை அசைக்க, மூச்சு இழுக்க,
அது ஊர்ந்து ஊர்ந்து போகும்.
முக்கால்வாசிக்கு மேல் கமக்கட்டுக்கு.
மிச்சம் நெஞ்செலும்பின் கரையால் உள்ளுக்கு.
சொட்டு மற்ற மார்புக்கும் கடக்கும்.
ஒரு கோட்டின் நுனியில் பேனையை அழுத்தினார்:
"இது முதல் காவல். ஊசியால குத்திப் பாத்தாச்சு.
விழுந்திட்டுது.
அங்கால எத்தினை எண்டு எடுத்தாத்தான் தெரியும்."

நெறி என்றால் வழி என்று
பள்ளிக்கூடத்தில் எழுதிச் சரி வாங்கியிருக்கிறேன்.

பதினொரு வருடம் அம்பகாமத்து மண்ணில் இருந்தேன்.
புதைத்தது புதைத்த இடத்தில் கிடக்கும்,
எங்கள் தொழிலுக்கு உள்ள ஒரே கருணை அது.
மாரி வெள்ளத்தில் மட்டும் அது நடக்கும்.
போன கார்த்திகையில் ஒன்று
சத்தமில்லாமல் மிதந்து போய்
யாரோ ஒருவரின் கச்சான் தோட்டத்தில் ஒதுங்கியது.
வெள்ளத்துக்குத் தான் என்ன கொண்டுபோகிறதென்று தெரியாது.

பதினேழு கொட்டை எடுத்தார்கள்.
நாலில் இருந்தது.
தாளை இரண்டு தரம் வாசித்தேன்.
எங்கள் படிவத்தைப் போலத்தான்:
தேடியது இவ்வளவு, கண்டது இவ்வளவு.
நாங்களும் பத்து சென்ரிமீற்றர் ஆழம்வரை துப்புரவு
என்றுதான் கையெழுத்து வைப்போம்.
நிலம் துப்புரவு என்று ஒருநாளும் எழுதியதில்லை.
அவரும் எழுதவில்லை.
எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

தாதி சொன்னவை:
இந்தக் கையில் ஊசி வேண்டாம், பிரஷர் பட்டி வேண்டாம்,
வாளி தூக்க வேண்டாம்,
முள் கிழிக்க விடாதீங்கோ.
காட்டில் வேலை என்று நான் சொல்லவில்லை.
இனி இந்தக் கையில் விடத்தல் முள் ஏறினால்
நெறி கட்ட இடமில்லை.
ஏறியது எங்கே போகும் என்று கேட்க நினைத்தேன்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் யன்னல் கரை.
வீங்காதிருக்க, கையை நெஞ்சுக்கு மேலே வைத்திருக்க வேண்டும்.
மேல் கம்பியைப் பிடித்தபடி வந்தேன்.
ஆனையிறவு தாண்டும்போது
உப்பளத்தில் வாருகோலோடு நின்ற ஒருவன்
என்னை நிமிர்ந்து பார்த்தான்,
யாரென்று யோசித்தான்,
பிறகு தானும்
கையை உயர்த்திக் காட்டினான்.