அறுபது லிட்டர்

பழைய டாங்க் கொள்வது முப்பத்தெட்டு.
தையலில் கசிவு, ஆகவே ஊற்றுவது இருபது.
கசிவின் மேல் பார் சோப்பு,
சோப்பின் மேல் சணல்,
சணலின் மேல் மறுபடி சோப்பு.
எழுபத்தெட்டாம் வருஷத்துப் பிக்கப்புக்கு
இவ்வளவுதான் சர்வீஸ் புத்தகம்.

லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்.
சித்தூர்த் தோப்பிலிருந்து ஆலப்புழைக்கு
இருபது லிட்டர் கொஞ்சம் போதாது.
அந்தக் கொஞ்சத்துக்காக
ஆலுவா பங்க்கில் வரிசையில் நிற்கையில்
பின்னால் கேன்களுக்குள் கள்
மூடியை முட்டும்.
ஷாப்புக்காரர் குஞ்ஞப்பன் ஒரு மிடறு குடித்துவிட்டு
"நேத்து இறக்கினதா?" என்பார்.
இன்று விடியுமுன் இறக்கியது, பெர்மிட்டில் இருக்கிறது.
நாக்கு பெர்மிட்டைப் படிப்பதில்லை.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில்
உடைத்துப்போட்ட கேன்டர் லாரியின் டாங்க்.
அறுபது லிட்டர், ஒரு மூலையில் நசுங்கல்.
பஸ்ஸில் ஏற்ற மறுத்தார் கண்டக்டர்.
ஆட்டோவில் கொண்டுவந்தேன்.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
உள்ளே என்ன என்றார்கள்.
தட்டிக் காட்டினேன்.
ஒன்றுமில்லாததன் சத்தம்
இரண்டு மாநிலத்துக்கும் புரிந்தது.

கொழிஞ்சாம்பாறையில் அலாவுதீன் ராவுத்தர்
டேப்பை நீட்டினார், மடக்கினார்.
டாங்க் பக்கத்தில் இருக்கும்வரை
அவர் பீடி காதில்தான்.
"சீட்டுக்கடியில கொள்ளாது.
சேஸிஸுக்கு வெளிய தொங்கவிடணும்.
குறுக்குச் சட்டம் ரெண்டு இஞ்சு இடிக்குது."
சட்டத்தை வெட்டிவிடலாமா என்றேன்.
"உன் விலா எலும்ப வெட்டட்டா?"

பற்றவைக்கும் முன்
டாங்க் நிறையத் தண்ணீர் வேண்டும் என்றார்.
நாலு குடம். நானே சுமந்தேன்.
மூன்றாவது குடத்தில்தான் தெரிந்தது
அறுபது என்றால் எவ்வளவு என்று.
நெருப்பு பட்ட இடத்தில்
தண்ணீர் உள்ளே முனகியது.

செல்லக்கிளி கணக்கு நோட்டோடு வந்து நின்றாள்.
"கூடுதல் நாப்பது லிட்டரு, முப்பத்திமூணு கிலோ.
ஒரு கேன் கள்ள இறக்கிவச்சுட்டு
அந்த எடைக்கு டீசலச் சுமக்கப்போற."
புளிக்காத பதினேழு கேன் என்றேன்.
"பதினெட்டுக்குத்தான் முன்பணம் வாங்கியிருக்கு."
ராவுத்தர் இரும்புப் பட்டையின் அடியில்
டியூப் ரப்பரை வைத்து
போல்ட்டை முறுக்கிக்கொண்டேயிருந்தார்,
எங்கள் இருவரில் யாரையும் பார்க்காமல்.

பழைய டாங்க்கை நெடுக்கில் அறுத்துக் கழுவி
எருமைக்குத் தொட்டியாக வைத்தோம்.
மோந்து பார்த்தது.
பழைய கல்தொட்டிக்கே போய்விட்டது.

எல்லை தாண்டி நிரப்பினால்
லிட்டருக்குச் சில ரூபாய் லாபம்.
பங்க் பையன் வண்டியை ஒருதரம்,
ஓடும் எண்ணை ஒருதரம்,
வண்டியின் அடியில் ஒருதரம் பார்த்தான்.
அறுபது.
மீட்டர் முள் பாதிவரை ஏறி நின்றுவிட்டது.

"மீட்டர் பழசு, மிதவை புதுசு," என்றார் ராவுத்தர்.
"ரெண்டுக்கும் பாஷை வேற.
நீதான் பெயர்த்துக்கணும்."

ஆலுவாவில் நிற்கவில்லை.
வரிசையில் நின்ற மீன்லாரிக்காரர் கை காட்டினார்,
வண்டி பழுதென்று நினைத்திருப்பார்,
வழக்கமாக நிற்கிறவன் நிற்காமல் போனால்.
குஞ்ஞப்பன் ஒரு மிடறு குடித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு மிடறு குடித்தார்.

திரும்பி வரும்போது
அங்கமாலியில் முள் பூஜ்யத்தில் படுத்தது.
வண்டி ஓடியது.
சாலக்குடியிலும் பூஜ்யம். வண்டி ஓடியது.
காலிக் கேன்கள் பின்னால் உருண்டு உருண்டு
ஆளுக்கொரு பக்கம் பேசின.
கணக்கு தெரியும், ஒன்பதால் பெருக்கத் தெரியும்,
ஆனாலும் கண் முள்ளைத்தான் நம்பியது.

குதிரான் சுரங்கத்துக்கு முன்னால்
பொறுக்கமுடியாமல் ஓரம்கட்டினேன்.
மூடியைத் திறந்து
தென்னை ஈர்க்கு ஒன்றை உள்ளே விட்டு
போன் வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தேன்.
ஆறு விரல் நனைந்திருந்தது.

ஈரம் நின்ற இடத்தில் நகத்தால் ஒரு கீறல்.
துடைக்காமல்
மீட்டருக்குப் பக்கத்தில் செருகிவைத்தேன்.