வரை

நாற்றப் பதிவேடு என்றுதான் முதலில் பெயர் வைத்தோம்.
சங்கச் செயலாளர் தணிகைவேலு
கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்றதால்
காற்றுப் பதிவேடு ஆனது.
எண்ணூர் நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் பதினொரு தெரு.
யார் மூக்கில் எது ஏறினாலும்
போனை எடுத்து எழுதிவிடலாம்.

இரண்டு வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம்.
அழுகின முட்டை. எரிந்த டயர்.
"ஊசி போடறதுக்கு முன்னாடி தடவுவாங்களே, அது."
"பேர் தெரில, கண்ணு எரியுது."
ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு
எது எப்போது என்றே தெரியாத குவியல்.

விசாரணைக்கு வரும் அதிகாரிக்கு
அக்டோபர் மட்டும் போதுமாம்.
"தேதிக்கு ஒரு வடிகட்டி போட்டுடு" என்றார் தணிகைவேலு,
டீயில் சக்கரை கம்மி என்று சொல்கிற அதே குரலில்.

இரண்டு கட்டம்.
இதிலிருந்து. இது வரை.
பக்கத்தில் ஒரு பொத்தான். அவ்வளவுதான் வேலை.

ஆனால் தேதிகளைப் பார்த்தேன்.
7/10 என்கிறார் ஒருத்தர், 10/7 என்கிறார் அடுத்த வீட்டுக்காரர்,
இரண்டு பேரும் ஒரே சாயங்காலத்தைச் சொல்கிறார்கள்.
ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.
ரேஷனில் பாமாயில் போட்ட அன்னிக்கு.
எங்க சித்தப்பா பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு.
சித்தப்பா எப்போது தவறினார் என்று
போன் போட்டுக் கேட்டேன்.
துக்கம் விசாரித்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

நடந்த தேதி ஒன்று, எழுதிய தேதி ஒன்று.
வாந்தி எடுக்கிற ராத்திரியில் யாரும் எழுதுவதில்லை,
போர்வையை அலசிக் காயப்போட்ட பிறகுதான்.
நடந்ததையே வைத்துக்கொண்டேன்.

வடிகட்டி வேலை செய்தது. அக்டோபர் வந்தது.
ஏகவல்லி போன் செய்தாள்.
"இன்னா, நான் போட்டது காணோம்?
முப்பத்தொண்ணு, ராத்திரி பதினொண்ணே முக்கா.
புள்ளையத் தூக்கினு மாடிக்கு ஓடனேன்,
மாடில இன்னும் ஜாஸ்தி,
திரும்பக் கீழ ஓடியாந்தேன். அது எங்க?"

பதிவேட்டில் இருந்தாள். அக்டோபரில் இல்லை.

மறுநாள் காலை கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
டேங்கர் வண்டி. வண்டியை அணைத்துவிட்டு
வழக்கம்போல எண்ணினேன்,
நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது,
கடைசியில் கார்டு பெட்டி,
அதில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஒரு ஆள்.
அவர் தாண்டுகிற வரை
கேட்காரர் கை அசையவே இல்லை.

முப்பத்தொன்று வரை என்று நான் எழுதியிருந்தேன்.
அதற்கு அது முப்பத்தொன்று பிறக்கும் நொடி வரை.
சுழியம் மணி, சுழியம் நிமிஷம்.
பிறகு அந்த நாளில் பால் வந்தது,
பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது,
குழாயில் தண்ணீர் வந்து நின்றது,
ஒன்றும் கணக்கில் இல்லை.
கார்டு பெட்டி தண்டவாளத்தில் நிற்கும்போதே
கேட்டைத் தூக்கிவிட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் தொடங்குவதற்கு முன் வரை
என்று மாற்றினேன். ஒரே வரி.
ஏகவல்லி வந்தாள்.
கூடவே ஒன்பது பேர், அதே ராத்திரி, அதே முக்கால் மணி.
அவர்கள் யாரும் எங்கே என்று கேட்டிருக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி.
மெர்சி எப்சிபா, ஏழாவது தெரு.
என்ன வாசனை: அதேதான்.
தேதி என்ற கட்டத்தில்: தெனமும்.

"தூக்கிடு, அதிகாரி ஒத்துக்க மாட்டார்."
தூக்கவில்லை.
எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை கேட்டாலும்
அவள் வரட்டும் என்று எழுதிவைத்தேன்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க
நான் பிறந்த தேதியை இரண்டு கட்டத்திலும் போட்டேன்.

ஒரு பதிவு கிடைத்தது.