வலப்பக்கம்

அருப்புக்கோட்டைச் சாலையில் இரவெல்லாம் உருண்டு
கப்பலூரில் எங்கள் ஷெட் முன்னால் வந்து நிற்கிறது
சாம்பல் லாரி.
தூத்துக்குடி அனல்மின் நிலையம் அனுப்பியது.
யாருடைய மின்விசிறியோ சுற்றியதன் மிச்சம்.

நீல டிரம்மில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கலக்கி
டீ குடிக்கப் போய்விடுவோம்.
திரும்புவதற்குள்
கனத்ததெல்லாம் அடியில் படிந்திருக்கும்.
மேலே ஏடுகட்டி மிதப்பதுதான் எங்களுக்கு வேண்டும்:
உள்ளே ஒன்றுமில்லாத உருண்டைகள்,
ஒரு கடுகுக்குள் ஆயிரம் அடங்கும்.
வெயில் இதற்குள் நுழைந்தால்
வழி தெரியாமல் நின்றுவிடும் என்றேன்.
"அப்ப, காலியா இருக்கறதுக்குத்தான் காசு"
என்றாள் ஜன்னத்.
பங்குதாரர். கணக்குநோட்டு அவளுடையது.

வில்லாபுரம் அப்பளக் கம்பெனி கிருஷ்ணாராம்
வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.
"பாண்டியன் உடம்பு கொதிச்சப்ப
மடப்பள்ளிச் சாம்பலப் பூசித் தணிச்ச ஊரும்மா இது.
இங்க விக்காம எங்க விக்கும்?"
சொல்லிவிட்டுப்
பாதித் தகரத்துக்கு மட்டும் முன்பணம் தந்தார்.
கதையிலும் முதலில் வலப்பக்கம்தான் குளிர்ந்ததாம்.

சித்திரை பதினெட்டு. இரண்டு கோட்டு வெள்ளை.
பகல் இரண்டு மணிக்குத் தகரத்தின் அடிவயிற்றில்
மானியை நீட்டினேன்.
வலப்பக்கம் நாற்பத்தொன்று.
இடப்பக்கம் ஐம்பத்தெட்டு.

தரையில் யாரும் கோடு போடவில்லை.
மறுவாரம் போனபோது
மாவு தேய்க்கும் பதினாலு பேரும்
பலகையோடு பலகை இடிக்க
வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.
வராத செல்வமதிக்கு
அவளுடைய தூக்குவாளி இடம் பிடித்திருந்தது.

காலியான இடப்பக்கத்தில்
கிருஷ்ணாராம் பாய் விரித்து அப்பளம் பரப்பினார்.
தெருப்புழுதி இல்லை, காக்காய் இல்லை,
பாதி நேரத்தில் காய்ந்தது.
"அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும்மா,
பூச வேண்டாம்."
வெயிலுக்கும் ஒரு சம்பளமில்லாத வேலை கிடைத்துவிட்டது.

ஆனால்
அப்பளம் தானாகப் புரண்டு படுக்காது.
அரை மணிக்கு ஒருமுறை
யாராவது அங்கே போய்க் குனிய வேண்டும்.
அதற்கு அவர்களே ஒரு வழி வைத்திருந்தார்கள்:
உடைந்த அப்பளத் துண்டுகளை முந்தானையில் போட்டு
பார்க்காமல் எடுக்க வேண்டியது.
சின்னத் துண்டு வந்தவள்
எழுந்து
அந்தப் பக்கம் போனாள்.
ஒருத்தி என்னிடமும் முந்தானையை நீட்டினாள்.
சிரித்தார்கள். நானும் எடுத்தேன்.
சின்னதுதான் வந்தது.

எண்பது அப்பளம் புரட்டினேன்.
என் மானி சொல்லாத எதையோ
முதுகு எண்ணிக்கொண்டிருந்தது.

நோட்டில் ஜன்னத் எழுதினாள்:
வில்லாபுரம். பாதி. மீதி இல்லை.
கொஞ்சம் யோசித்து 'இல்லை'யை அடித்து
'கேட்கணும்' என்று போட்டாள்.

அன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்
காலைச் சரக்கு ஒட்டிய என் புருவத்தைப் பார்த்துச்
சற்றுத் தள்ளி உட்கார்ந்து
குரலைத் தாழ்த்திக் கேட்டார்,
"தத்தனேரியில இருந்தா வர்றீங்க?"
"இல்லைங்க, வில்லாபுரம்."
மடியில் அப்பளக் கட்டு இருந்தது.
அவர் நம்பவில்லை.