பதினொரு நிமிடம்

மல்லாவிச் சந்தியில், உரக்கடைக்கு மேல்மாடியில்
ஒரே ஒரு மேசை விசிறி.
அது எங்களுக்கில்லை, ஹார்ட் டிஸ்க்குக்கு.

ஹிவெட்டுக்குத் தமிழ் தெரியாது.
அஸ்மாராவில் பிறந்து, லண்டனில்
இருபத்திரண்டு வருடம் படம் வெட்டியவள்.
மூச்சைப் பார்த்து வெட்டுவாள்:
வாய் மூடி, நெஞ்சு இறங்கி, இமை ஒருமுறை...
அங்கே.
நான் மொழிபெயர்த்து முடிக்கையில்
அவள் கை அடுத்த ஆளிடம் போயிருக்கும்.

மூன்றாம் நாள் யோகமலர் வந்தாள்,
கடையைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு.
திரையில் தன்னைப் பார்த்தாள்:
முகம் பொத்தியபடி, பதினொரு நிமிடம்.
"வெட்டு" என்றாள்.

விழாக்காரர் இந்தப் படத்தை எடுத்தால்
அதற்காகத்தான் எடுப்பார்கள்.
நான் சொல்லவில்லை. ஹிவெட்டும் சொல்லவில்லை.

"அழுகிறதைத்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டு போறவை.
நான் சீனி நிறுக்கிறதைப் போடு.
கடன் கொப்பியைக் கிட்டக் காட்டு.
ஆர் ஆர் எனக்குத் தரவேணும் எண்டு
ஊர் பாக்கட்டும்."

ஹிவெட் சிரித்தாள். வந்து முதல் தடவை.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது.
இருட்டில் சொன்னாள்,
சூடான் எல்லையில், ஒரு கூடாரத்தில்
தன் தாயையும் யாரோ படம் எடுத்தார்களாம்.
கீழே பெயர் போடவில்லையாம்.
இதை மட்டும் நான் மெல்ல மொழிபெயர்த்தேன்.

வெளிச்சம் வந்ததும்
கதிரையை விட்டு எழும்பி
மவுஸை யோகமலர் பக்கம் தள்ளினாள்.

வெட்டியதை அழிக்கவா என்று கேட்டேன்.
"அது என்ரை. தா."

பென் டிரைவ் இப்போது கடையில்,
படிக்கல் பெட்டிக்குள்,
நூறு கிராமுக்கும் இருநூறுக்கும் நடுவில்.