சூடானால் அடங்கும்

நாலரைக்குச் சாவியைத் திருப்பினால்
டிக் டிக் டிக் டிக்.
யாரோ உள்ளே உட்கார்ந்து
நகத்தால் டம்ளரைத் தட்டுகிற மாதிரி.
ஆக்சிலேட்டரை மிதித்தால்
இன்னும் அவசரமாகத் தட்டுகிறது.

பதினெட்டு வருஷத்து ஸ்கார்ப்பியோ.
பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு
இட்லிக் குண்டான் நாலு, சாம்பார் அண்டா ஒன்று,
மூடி சரியாக உட்காராத சட்னித் தூக்கு
எல்லாம் ஏற்றிக்கொண்டு
திருவொற்றியூரிலிருந்து மணலிக்கு
ஆறு மணி ஷிப்டுக்குள் போய்ச் சேரணும்.

கண்டெய்னர் லாரிகள் நிற்கிற இடத்தில்
ஆளுக்கொரு வைத்தியம்.
‘டேப்பெட்டுக்கா’ என்றான் ஒருவன், நான் கேட்காமலே.
‘இன்ஜெக்டரு. கண்ண மூடிக்கினு சொல்வேன்’ என்றான் இன்னொருவன்.
மூடித்தான் சொன்னான்,
ராத்திரி முழுக்க ஹார்பர் கியூவில் விழித்தவன்.
பேசின் பிரிட்ஜ் பட்டறையில்
பானெட்டைத் திறக்கக்கூட இல்லை:
‘பேரிங் பூட்ச்சு. இன்ஜின எறக்கணும்.
நாப்பது ரெடி பண்ணு.’

எனக்குக் கணக்கு இட்லியில்தான் வரும்.
ஒன்று எட்டு ரூபாய். நாற்பதாயிரம் என்றால் ஐயாயிரம் இட்லி.
அன்றிரவு ஐயாயிரமும் வரிசையாக நின்று
என்மேல் ஆவி விட்டன.

கொருக்குப்பேட்டை ஜபருல்லாவிடம் காட்டப் போனால்
கேட் போட்டிருந்தது.
டேங்கர் டேங்கர் டேங்கர்.
நாற்பத்தொன்றுவரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.
அது போனதும் எதிர்ப்பக்கம் இன்னொன்று.
இருபத்தைந்து நிமிஷம், இன்ஜினை அணைக்காமல்
(அணைத்தால் செல்ஃப் எடுக்காது, அது வேறு கதை)
நின்று, ஊர்ந்து, பட்டறை வாசலில் பானெட்டைத் தூக்கினால்
வண்டி
இன்ஸ்பெக்‌ஷன் வந்த வகுப்பு மாதிரி.

‘எங்கம்மா கீது சத்தம்?’
‘இருந்திச்சு.’
‘இப்ப இல்லியே.’
‘காத்தால இருந்திச்சுண்ணா.’

ஸ்டான்லியில் ஒருநாள்
டோக்கன் வாங்கி மூன்று மணிநேரம் உட்கார்ந்து
டாக்டர் எதிரே போனதும்
வயிற்றுவலி நின்றுபோனது.
பொய் சொல்லி லீவு கேட்டவளைப்போல முழித்தேன்.
பட்டறையிலும் அதே முழி.

ஜபருல்லா சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் அங்கேயே விற்றிருப்பேன்.
‘சூடானா நின்னுடுதா?
அத்த மொதல்ல சொல்றதுக்கின்னா?
பேரிங்னா சூடு ஏற ஏறக் கத்தும். இது வேற கேஸு.
வண்டிய வுட்டுட்டுப் போ. ராவெல்லாம் ஆறட்டும்.’

மறுநாள் காலை லோடு ஆட்டோவில் குண்டான்களை ஏற்றும்போது
போன்.
‘இந்தா, கேளு’ என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.
டிக் டிக் டிக் டிக்.
கரண்டியோடு நின்று கேட்டேன்.
ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.
இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

மதியம் ஒரு படம் அனுப்பினார்.
எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், மூன்றாவது சிலிண்டர் ஓரம்,
தலையில்லாத ஒரு ஸ்டட்.
சுற்றிலும் கரி,
மை தீட்டிக்கொண்டு அழுத கண் மாதிரி.
கடல்காற்று தின்றது பாதி,
சூடும் குளிரும் மாறி மாறி முறுக்கியது பாதி.
ஆறினால் இரும்பு சுருங்கும், இடுக்கு விழும்,
எரிந்த மூச்சு அந்த வழியாகத் துப்பும்.
சூடேறினால் விரிந்து தானே வாயை மூடிக்கொள்ளும்.
மூடின வாயைத்தான்
நான் ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன்.

உடைந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து
வெல்டு அடித்து, நட்டோடு திருகி எடுத்தாராம்.
புது கேஸ்கெட், கூலி, எல்லாம் மூவாயிரத்து இருநூறு.
நானூறு இட்லி.
ஒரு திங்கட்கிழமைக்கு ஆகும்.

இன்று நாலரைக்குச் சாவியைத் திருப்பினேன்.
டிக் இல்லை.
எண்ணூர் நெடுஞ்சாலைவரை டிக் இல்லை.
அதனால்தான் கேட்டது:
இடது பின்கதவுக்குள்
ஏதோ உருள்கிறது. நாணயமோ, ஸ்க்ரூவோ.
எத்தனை வருஷமாக உருண்டுகொண்டிருக்கிறதோ.
அடுத்த பள்ளத்தில் மறுபடி.
சட்னித் தூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு
மூன்றாவது பள்ளத்துக்காக
மெதுவாகப் போனேன்.