புது மாடல்

பீடோர் கடைத்தெருவில்
தவசீலன் பெட்டியைப் பிரிக்கிறான்.
"புது மாடல், அக்கா."
பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
அதே கண். அதே பித்தான்கள்.
பெயருக்குப் பின்னால் எண்ணில் ஒன்று கூடியிருக்கிறது,
விலையில் எண்பது வெள்ளி.
உடம்புக்கு இந்த முறை ரோஜாப்பொன் நிறம்.

ஆலைக்குள் கைப்பேசிக்குத் தடை.
செம்பனைக் குலைகளை இதில்தான் பிடிக்கிறேன்,
லாரி லாரியாக, சாட்சிக்கு.
ஆறு வருடம், மூன்று கேமரா.
மூன்றும் அழுகிய குலையில் முகம் கண்டு
மஞ்சள் கட்டம் போட்டுச்
சிரிப்புக்காகக் காத்து நின்றன.

பழுத்த சிவப்பு மட்டும்
எதிலும் கறுப்பாகவே விழுந்தது.
போன மாதம், படத்தில் காய் என்று
நல்லபெருமாள் கணக்கில்
முப்பது குலை கழித்தார்கள்.
எடுத்துக் காட்டலாமென்றால்
அதற்குள் அது எண்ணெயாகியிருந்தது.

"இதில் சிவப்பு சிவப்பாக வருமா?"
தவசீலன் விளக்கத்தாளைப் புரட்டினான்,
பதினோரு மொழிகள்,
எதிலும் இல்லை போலிருக்கிறது.
"பூனை முகம்கூடக் கண்டுபிடிக்கும், அக்கா."

ரோஜாப்பொன் வேண்டாம்,
கறுப்பே கொடு என்றேன்.
அதற்குத் தெரிந்த நிறம் அது ஒன்றுதான்.