கட்டிலிலிருந்து தண்ணீர் வரை

மதியம் ஒன்றரைக்கு நான் ஹெட்போன் மாட்டும்போது
வியன்னாவில் காலை ஒன்பது.
திருமதி லிண்ட்னருக்கு அப்போதுதான் முதல் காபி.
என் விரலில் நெத்திலி வாசம் இன்னும் போகவில்லை,
கீபோர்டுக்குத் தெரியும்,
அவருக்குத் தெரியாது.

பிப்ரவரியில் பத்து இரவு, மாலத்தீவு.
தண்ணீர்மேல் கால் ஊன்றிய வீடு வேண்டாமாம்,
அடியில் அலை புரண்டுகொண்டிருந்தால் தூக்கம் பிடிக்காதாம்.
மணலில் நிற்கிற வீடு வேண்டும்.
ஆனால் கடல் பக்கத்தில்,
ரொம்பப் பக்கத்தில்.
“கட்டிலிலிருந்து தண்ணீர் வரை எத்தனை எட்டு, பியூலா?
அங்கே யாரையாவது நடந்துபார்க்கச் சொல்லேன்.”

சொன்னேன்.
தீவில் ஒரு பையன் நடந்துபார்த்துப் பதில் போட்டான்:
பத்தொன்பது.
ஓதம் ஏறினால் பதினைந்து.

தலையணையில் பதினொரு வகை.
வாத்து இறகு, மூங்கில் நார், கோதுமை உமி…
“உமியா?” என்று அவர் சிரித்தார்.
சம்பளத்தில் அடக்கம் என்பதால் நானும் சிரித்தேன்,
பாதியில் அது நிஜச் சிரிப்பாகிவிட்டது.

இருட்டினால் கடல் விமானம் எழும்பாது.
ஐந்து மணிக்கு இறங்குகிறவர்களுக்குத்
தலைநகரில் ஒரு ராத்திரி வீண்.
அந்த ஒரு ராத்திரியை மிச்சம் பிடிக்க
தோஹா வழி, துபாய் வழி, இஸ்தான்புல் வழி என்று
மூன்று நாளாக உருட்டிக்கொண்டிருக்கிறேன்.
நடுவில் தேசப்பன் போன்.
ஜீரோ கேட் வரிசையில்
முந்தாநாள் ராத்திரி சொருகின டிரெய்லர்.
“நாலு வண்டி நவுந்துச்சி மே.”
“துன்னியா?”
“துன்னேன். நீ?”
மைக் மூடியிருக்கிறதா என்று
இரண்டு தடவை பார்த்துக்கொண்டு பேசினேன்.

மூடித்தான் இருந்தது. திரும்பத் திறந்ததும்
எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி
காதைக் கிழித்துக்கொண்டு போனது.
“என்ன சத்தம், கப்பலா?”
ஆமாம் என்றேன்.
முழுப் பொய் இல்லை,
அந்தப் பெட்டி நாளைக்குக் கப்பலில்தான் ஏறும்.
“அப்படியானால் நீயும் கடலோரமா! எத்தனை எட்டு?”

திருவொற்றியூரில் இதை யாரும் யாரையும் கேட்பதில்லை.

இடைவேளையில் எண்ணினேன்.
கட்டில், வாசல், படிக்கட்டு,
ரீட்டா அக்கா காயப்போட்ட வாளைக்குச் சுற்றிக்கொண்டு ஐந்து அதிகம்,
ரோட்டைக் கடக்கப் பதினாறு
(லாரிகளுக்காக நின்றதை எண்ணவில்லை),
அப்புறம் கொட்டிவைத்த கருங்கல்.
அதில் எட்டு வைக்க முடியாது, தாவவேண்டும்.
தாவினதையும் சேர்த்து நூற்றுமுப்பத்தொன்று.

கல்யாணமாகி வந்த வருஷம் எண்ணியிருந்தால்
நானூறு தேறும்.
நடுவில் இரண்டு தெரு இருந்தது,
கன்னியம்மன் கோயில் இருந்தது,
வாலிபால் நெட் கட்டுகிற இரண்டு தென்னை,
கரண்ட் பில் கட்டும் ஆபீசுக்குக் குறுக்கு வழி.
கடலும் எண்ணிக்கொண்டுதான் வருகிறது,
அந்தப் பக்கத்திலிருந்து.
இன்னும் கொஞ்ச வருஷம்,
எங்களுக்கும் பத்தொன்பது.
முன்பணம் கேட்கமாட்டார்கள்.
ரத்து செய்கிற வசதியும் கிடையாது.

அவரிடம் எண்ணை மட்டும் சொன்னேன்.
“நூற்றுமுப்பத்தொன்றா, பரவாயில்லையே” என்றவர்,
கணவர் முட்டிக்கு அது தாங்காது என்றார்.
அதனால்தான் கேட்டாராம் முதலிலேயே.
போன வருஷம் வரை அவர் டான்யூபில் நீந்தினவராம்.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.
லாரி மட்டும்.

கடைசியாக ஒரு கட்டம் நிரப்பாமல் நின்றது:
சூரியன் எழுகிற பக்கமா, விழுகிற பக்கமா?
“நீயாக இருந்தால் எது, பியூலா?”

எங்கள் கடலில் சூரியன் விழுந்ததே இல்லை.
விழுவது முதுகுப்பக்கம்,
தண்டவாளத்துக்கு அந்தண்டை,
புகைபோக்கிகள் நடுவில்,
நிலக்கரித் தூசியில் இன்னும் நல்ல சிவப்பாக.
காலையில் எழுவதோ கருங்கல்லுக்கு நேரே,
படகு இறக்குகிறவர்கள் அதை
ஏறிட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

டைப் செய்தேன்:
விழுகிற பக்கத்துக்கு இரவுக்கு முப்பத்தெட்டு யூரோ கூடுதல்.
எழுகிற பக்கத்துக்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை.
அனுப்புவதற்கு முன்னால் அழித்து,
“எழுகிற பக்கம்” என்று மட்டும் வைத்தேன்.

தேசப்பன் மறுபடி கூப்பிட்டான்.
இன்னும் இரண்டு வண்டி.